ஒரே ஒரு மாலை, இரண்டு மௌனப் படங்கள்: சாப்ளினின் சிறுவனா, ஓசுவின் சிறுவர்களா?

ஊர் நூலகம் ஒன்றில் கோடை விடுமுறைப் பிள்ளைகளுக்காக ஒரு மௌனப் படம் திரையிட நினைக்கும் நண்பர் ஒருவர், சேட்டைக்காரச் சிறுவர்களைப் பற்றிய இரண்டு படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எதைப் போடுவது என்று முடிவெடுக்க முடியாமல் இரண்டு வாரமாகத் தவிக்கிறார். அவருக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு மாலை. வரப்போகும் பிள்ளைகளுக்கு ஏழு முதல் பதின்மூன்று வயது. பெற்றோர் சிலரும் வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். ஒரு படம், சார்லி சாப்ளின் 1921இல் வெளியிட்ட ‘தி கிட்’. மற்றொன்று, யசுஜிரோ ஓசு 1932இல் ஜப்பானில் எடுத்த, ஆங்கிலத்தில் ‘ஐ வாஸ் பார்ன், பட்…’ என்று அறியப்படும் படம். வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பதற்காகவும், பள்ளியில் திரையிடுவதற்காகவும் இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரிவாகவே எழுதுகிறேன்.

ஓசு படத்தின் தலைப்பைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய மூலத்தில் அது ‘உமாரேதே வா மிதா கேரேதோ’. அதில் வரும் ‘மிதா’ பார்த்தல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. ‘செய்து பார்’, ‘சாப்பிட்டுப் பார்’ என்று நாம் துணைவினையாகச் சொல்கிறோமே, அதே ‘பார்’ அங்கும் அதே வேலையைச் செய்கிறது. ‘பிறந்துதான் பார்த்தோம், ஆனாலும்…’ என்று தமிழில் சொன்னால், மூலத்தில் இருக்கும் பெருமூச்சு ஏறக்குறைய முழுமையாக வந்துவிடுகிறது. ஆங்கிலத் தலைப்பில் அந்தப் ‘பார்’ விடுபட்டுப்போயிற்று. எனவே இந்தக் கட்டுரையில் அதைப் ‘பிறந்து பார்த்தோம்’ என்றே குறிப்பிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

எது சிறந்த படம் என்ற கேள்வியை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை. நூறாண்டை நெருங்கியும் கடந்தும் உயிரோடு இருக்கும் இரண்டு படங்களில் ஒன்றைத் தாழ்த்துவதால் திரையிடுபவருக்கு எந்தப் பயனும் இல்லை. அவருக்குத் தேவை வேறு கணக்கு.

பிள்ளைகளின் வயதும் பொறுமையும் முதலில் வருகின்றன. அடுத்தது, திரையில் வரும் எழுத்து அட்டைகளை யார் படிப்பது, எந்த மொழியில் படிப்பது என்பது. மூன்றாவதுதான் என் கணக்கில் மிகவும் கனமானது: படத்தில் வரும் சேட்டை யாரை நோக்கிச் செய்யப்படுகிறது, அதைப் பார்க்கும் குழந்தை யார் பக்கம் நிற்கும் என்ற கேள்வி. நான்காவது, படம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு குழந்தையின் மனத்தில் தங்கக்கூடிய வலி எத்தகையது என்பது. கடைசியாகப் பிரதி, இசை, அனுமதி ஆகிய நடைமுறைச் சங்கதிகள். இவற்றைத்தான் பலர் திரையிடலுக்கு முந்தைய நாள் இரவு நினைத்துப் பார்த்து அவதிப்படுகிறார்கள்.

## கதைகள், சுருக்கமாக

‘தி கிட்’டில், ஆதரவற்ற தாய் ஒருத்தி தன் கைக்குழந்தையை ஒரு பணக்காரரின் காரில் விட்டுச் செல்கிறாள். காரைத் திருடியவர்கள் குழந்தையைச் சந்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வழியே வரும் நாடோடி (சாப்ளினே நடித்த பாத்திரம்) அதை எடுத்து வளர்க்கிறான். ஐந்து ஆண்டுகள் கழித்து இருவரும் சேர்ந்து பிழைப்பு நடத்துகிறார்கள். நோய், அனாதை இல்லத்து அதிகாரிகள், பிரிவு, மீட்பு என்று கதை விரைகிறது. சிறுவனாக நடித்த ஜாக்கி கூகன் 1914இல் பிறந்தவர். படம் வெளிவந்தபோது அவருக்கு ஆறு வயது.

‘பிறந்து பார்த்தோம்’ படத்தில், அலுவலக ஊழியரான யோஷி தன் மேலதிகாரியின் வீட்டுக்கு அருகே, தோக்கியோவின் புறநகர் ஒன்றில் குடியேறுகிறார். அவருடைய இரண்டு மகன்களும் புதிய இடத்துச் சிறுவர் கூட்டத்திடம் அடிவாங்கி, பள்ளிக்கு மட்டம் போட்டு, மெல்ல அந்தக் கூட்டத்துக்கே தலைவர்களாகிறார்கள். மேலதிகாரியின் மகன் தாரோவும் அவர்கள் கட்டளைக்கு அடங்கியவன்தான். பிறகு ஒரு நாள், தங்கள் அப்பா தாரோவின் அப்பாவுக்கு முன்னால் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பார்த்துவிடுகிறார்கள். அப்பாவாகத் தட்சுவோ சைதோவும், மூத்தவனாக ஹிதேயோ சுகாவாராவும், இளையவனாகத் தோமியோ ஆவோகியும் நடித்திருக்கிறார்கள். ‘கினேமா ஜுன்போ’ இதழ் அந்த ஆண்டின் சிறந்த ஜப்பானியப் படமாக இதைத் தேர்ந்தெடுத்தது.

## சேட்டை யாரை நோக்கி?

‘தி கிட்’டின் புகழ்பெற்ற சேட்டை, கண்ணாடி உடைப்பது. சிறுவன் கல்லெறிந்து வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு ஓடுகிறான். சற்று நேரத்தில், முதுகில் கண்ணாடிப் பலகைகளைச் சுமந்துகொண்டு, தற்செயலாக வந்தவனைப் போல நாடோடி அந்தத் தெருவுக்குள் நுழைகிறான். இன்னொரு ஜன்னலைக் குறிவைத்துச் சிறுவன் கையைப் பின்னால் ஓங்கும்போது, பின்னால் வந்து நிற்கும் போலீஸ்காரரின் உடம்பில் கை இடிக்கிறது. அவன் மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறான். கல்லைக் கீழே போட்டுவிடுகிறான். ஒன்றும் தெரியாத பிள்ளையாக நகர்ந்து, பிறகு ஓட்டம் பிடிக்கிறான். ஓடிப்போய் நிற்குமிடம் நாடோடியின் காலடி. போலீஸ்காரர் பார்த்துக்கொண்டிருப்பதால், தனக்கும் இவனுக்கும் சம்பந்தமில்லை என்று காட்டுவதற்காக, நாடோடி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காலாலேயே அவனைத் தள்ளித் தள்ளி விடுகிறான்.

இந்தக் காட்சியில் வளர்ப்பவனும் பிள்ளையும் ஒரே கட்சி. சேட்டை என்பது அவர்களின் பிழைப்பு. எதிரில் நிற்பது சட்டமும் வறுமையும். ஆறு வயதுக் குழந்தைகூட யோசிக்கத் தேவையில்லாமல் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதைக் கண்டுகொள்ளும். வீட்டுக்குள் வரும் காட்சியில் இந்த உறவு இன்னும் தெளிவாகிறது: சிறுவன் அடுப்பில் அடை போன்ற ரொட்டிகளைச் சுட்டு அடுக்குகிறான், நாடோடியோ படுக்கையில் கிடக்கிறான், எழுந்திரு என்று அதட்டுபவன் சிறுவன். கிழிந்த போர்வையின் ஓட்டைக்குள் தலையை நுழைத்து, அதையே அங்கியாக மாட்டிக்கொண்டு நாடோடி சாப்பாட்டுக்கு வருகிறான். யார் அப்பா, யார் பிள்ளை என்ற வரிசை தலைகீழாகும்போது பிள்ளைகள் சிரிக்கும் சிரிப்பு வேறெந்தக் காட்சிக்கும் வருவதில்லை என்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

ஓசுவின் சிறுவர்கள் செய்யும் சேட்டைகள் முற்பாதியில் எந்தத் தெருவிலும் நடப்பவைதான். புதிய பள்ளியில் அடிவாங்கப் பயந்து வயல்வெளியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே தின்றுவிடுகிறார்கள்; எழுத்துப் பயிற்சித் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியதாகக் காட்ட, மதுக்கடையிலிருந்து சரக்கு கொண்டுவரும் பையனையே ஆசிரியரின் கையெழுத்தில் எழுதச் சொல்கிறார்கள்; பலம் வரும் என்று சிட்டுக்குருவி முட்டையைப் பச்சையாகக் குடிக்கிறார்கள். வென்றவன் விரலால் ஒரு சைகை காட்டினால் தோற்றவன் தரையில் பிணமாக விழ வேண்டும், அவன் மீண்டும் கை காட்டினால்தான் எழுந்திருக்கலாம் என்று அவர்களுக்குள் ஒரு விளையாட்டுச் சட்டமும் இருக்கிறது.

அதே கடைப் பையன், வம்பிழுக்கும் பெரிய சிறுவனை இவர்களுக்காக அடித்து விரட்டுகிறான். ‘தாரோவையும் அடி’ என்று கேட்டால் மறுத்துவிடுகிறான். தாரோ வீட்டில்தான் அதிகம் வாங்குகிறார்கள் என்பது அவன் சொல்லும் காரணம். பிள்ளைகள் இந்த இடத்தைச் சிரித்துக் கடந்துவிடுவார்கள். படம் எங்கே போகப்போகிறது என்பதை ஓசு சொல்லிவிட்ட இடம் அதுதான்.

பிற்பாதியில் மேலதிகாரியின் வீட்டில், அவரே எடுத்த சிறு படங்களைச் சுவரில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். விலங்குக் காட்சிச் சாலை வருகிறது. வரிக்குதிரைக்கு வெள்ளையில் கறுப்புக் கோடா, கறுப்பில் வெள்ளைக் கோடா என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். அடுத்து அப்பா வருகிறார். வீட்டில் விறைப்பாகக் கட்டளையிடும் அதே அப்பா, மேலதிகாரியைச் சிரிக்க வைப்பதற்காகக் கண்ணை உருட்டி, வாயைக் கோணி, கோமாளியாக நிற்கிறார். அறையே சிரிக்கிறது. இரண்டு மகன்கள் மட்டும் சிரிக்கவில்லை. இருட்டுக்குள் பின்னால் உட்கார்ந்திருக்கும் அப்பாவை ஓசுவின் கேமரா பார்க்கும் அந்த நேரத்தில், நம் அறையின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரும் அசைவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மூத்தவன் கேட்கிறான்: எங்களைப் பெரிய மனிதர்களாக வரச் சொல்கிறீர்கள், நீங்கள் மட்டும் ஏன் ஒன்றுமில்லாதவராக இருக்கிறீர்கள்? தாரோவின் அப்பாவுக்கு ஏன் தலை வணங்க வேண்டும்? சம்பளம் அவர் தருவது என்கிறார் அப்பா. அப்படியானால் வாங்காதீர்கள் என்கிறான் மகன். அடி விழுகிறது. அடுத்து உண்ணாவிரதம். இங்கே சேட்டை என்ற சொல்லே பொருந்தாமல் போகிறது. பிள்ளையின் கலகம் நேராகப் பெற்றவரை நோக்கி வருகிறது. பார்க்கும் குழந்தை யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறது, பார்க்கும் பெற்றோரும் அப்படியே.

இரண்டு படங்களுக்கும் இடையே தேர்ந்தெடுப்பவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது இந்த வேறுபாட்டைத்தான். ‘தி கிட்’ பார்த்த குழந்தை பெரியவரின் கையைப் பிடித்துக்கொள்ளும். ‘பிறந்து பார்த்தோம்’ பார்த்த குழந்தை பெரியவரின் முகத்தைப் பார்க்கும்.

## வயது, நேரம், இசை

| | ‘தி கிட்’ | ‘பிறந்து பார்த்தோம்’ |
|---|---|---|
| நாடு, ஆண்டு | அமெரிக்கா, 1921 | ஜப்பான், 1932 |
| ஓடும் நேரம் | முதல் வடிவம் சுமார் 68 நிமிடம். 1971 வடிவம் சுமார் 53 நிமிடம் | சுமார் 90 நிமிடம் |
| எழுத்து அட்டைகள் | ஆங்கிலம். குறைவு, சிறியவை | ஜப்பானியம், கீழே ஆங்கிலத் துணைத்தலைப்பு. உரையாடல் அதிகம் |
| இசை | 1971 வடிவத்தில் சாப்ளின் அமைத்தது | பிரதிக்குப் பிரதி மாறும். இசையே இல்லாத பிரதிகளும் உண்டு |
| என் கணிப்பில் தாழ்ந்த வயது வரம்பு | 6 | 10 |
| திரையிடுபவரின் முன்தயாரிப்பு | ஒரு மணி நேரம் போதும் | ஒரு முழு நாள் |

வயது வரம்பு என்பது அறிவைக் குறித்து நான் சொன்னதன்று. பத்து வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு ஓசு படத்தின் முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே பிடிக்கும். சிறுவர் கூட்டத்துச் சின்னப் பையன் ஒருவனின் முதுகில், வயிறு சரியில்லை, எதுவும் கொடுக்காதீர்கள் என்று எழுதி ஒட்டியிருப்பதைக் கண்டு அவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு வரும் அரை மணி நேரம் அவர்களுக்கு நீண்ட சண்டையாகத்தான் தெரியும். அப்பாவைப் பற்றி இன்னும் வெட்கப்பட ஆரம்பிக்காத வயது அது. அந்த வயதை நாமாக அவசரப்படுத்த வேண்டியதில்லை.

## அட்டைகளைப் படிப்பவர்

மௌனப் படத்துக்கு மொழியில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நம்பித்தான் நான் முதன்முதலில் ஓசுவின் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டேன். பத்து நிமிடத்துக்குள் ‘என்ன சொல்றான்?’ என்ற கேள்வி நாலு மூலையிலிருந்தும் கிளம்பிவிட்டது. ஆங்கிலத் துணைத்தலைப்பை வேகமாகப் படிக்கக்கூடிய இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். மற்றவர்கள் அந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். தவறு என்னுடையது. அடுத்த முறை எல்லா உரையாடல்களையும் முன்கூட்டியே பேச்சுத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். அறை முழுவதும் ஒரே நேரத்தில் சிரித்தது.

பிறகுதான் உணர்ந்தேன், அப்படிச் செய்வது படத்துக்குப் புறம்பானதன்று. ஜப்பானில் மௌனப் படங்கள் அப்படித்தான் பார்க்கப்பட்டன. ‘பென்ஷி’ எனப்பட்ட கதைசொல்லிகள் திரையருகில் இருந்து, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து, கதையை நடத்திச் சென்றார்கள். நட்சத்திரங்களுக்கு இணையான புகழ் அவர்களுக்கும் இருந்தது. நம் ஊர்களிலும் மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர்கள் இருந்தார்கள். தமிழில் 1931இல் ‘காளிதாஸ்’ வந்து படம் பேசத் தொடங்கிய பிறகும் ஓசு மௌனப் படங்களையே எடுத்துக்கொண்டிருந்தார். 1936இல்தான் அவர் பேசும் படத்துக்கு மாறினார். எனவே 1932ஆம் ஆண்டின் ‘பிறந்து பார்த்தோம்’ படத்துக்கு நீங்கள் தமிழில் குரல் கொடுத்தால், அதன் பிறந்த வீட்டு வழக்கத்தையே பின்பற்றுகிறீர்கள்.

‘தி கிட்’டுக்கு இவ்வளவு வேலை இல்லை. படத்தின் தொடக்கத்தில் வரும் அட்டையை (ஒரு புன்னகையும், ஒருவேளை ஒரு துளிக் கண்ணீரும் கொண்ட படம் என்று சாப்ளின் அறிவிக்கிறார்), குழந்தையோடு கிடைக்கும் தாயின் கடிதத்தை, இன்னும் சில அட்டைகளைச் சொன்னால் போதும். மற்றதையெல்லாம் உடம்புகளே சொல்லிவிடுகின்றன.

## ‘தி கிட்’டின் மறைவான செலவுகள்

எளிதான தேர்வு என்று தோன்றுவதால் இந்தப் படத்தின் செலவுகளைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. முதல் செலவு, பிரிவுக் காட்சி. அனாதை இல்லத்து வண்டியில் ஏற்றப்பட்ட சிறுவன் இரண்டு கைகளையும் நீட்டிக் கதறுகிறான். நாடோடி கூரைக்குக் கூரை தாவி ஓடிவந்து வண்டிக்குள் குதித்து அவனைக் கட்டிக்கொள்கிறான். திரையில் இதற்கு இணையான அழுகையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஏழு வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு லாம்பெத் ஏழைகள் விடுதிக்கும், அங்கிருந்து ஹான்வெல் பள்ளிக்கும் அனுப்பப்பட்டவர் சாப்ளின். இந்தக் காட்சியின் வேகம் எங்கிருந்து வருகிறது என்பதை ஊகிக்க முடிகிறது. இந்தப் படத்தின் படப்பிடிப்பு தொடங்கிய 1919 ஜூலையில்தான் அவருடைய முதல் குழந்தை பிறந்து மூன்றே நாளில் இறந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் அல்லது விடுதியில் விடப்பட்ட பிள்ளைகள் உங்கள் கூட்டத்தில் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களிடம் முன்னதாகப் பேசாமல் இதைத் திரையிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, முடிவுக்குச் சற்று முன் வரும் கனவுக் காட்சி. தெருவே சொர்க்கமாக மாறி, எல்லாரும் இறக்கை கட்டிப் பறக்கிறார்கள். கதை நின்றுவிடுவதால் சிறு பிள்ளைகள் அங்கே எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள். பெரியவர்களுக்கு வேறு சங்கடம் இருக்கிறது: நாடோடியை மயக்கும் தேவதையாக வரும் லிட்டா கிரேக்கு அப்போது வயது பன்னிரண்டு; அவரே பின்னாளில், 1924இல், பதினாறு வயதில் சாப்ளினை மணந்தார். பதின்மூன்று வயதுப் பிள்ளை கைப்பேசியில் இதைத் தேடிப் படித்துவிட்டு வந்து கேட்கும். பதிலை யோசித்து வைத்திருப்பது நல்லது. தாயை அறிமுகப்படுத்தும் அட்டை, தாய்மையே அவள் செய்த பாவம் என்று சொல்வதையும் நான் விளக்காமல் விடுவதில்லை. ஊர் அவளுக்கு வைத்த பெயரைத்தான் சாப்ளின் எடுத்துக் காட்டுகிறார் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

மூன்றாவது, பிரதி. இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும் பழைய பிரதிகள் பலவற்றில் படம் மங்கலாகவும், வேகம் தாறுமாறாகவும், இசை காட்சிக்குத் தொடர்பில்லாமலும் இருக்கிறது. 1971இல் சாப்ளின் தாயின் காட்சிகள் சிலவற்றை நீக்கி, தானே இசையமைத்து வெளியிட்ட வடிவமே பிள்ளைகளுக்கு ஏற்றது. படம் நூறாண்டைக் கடந்துவிட்டாலும் அந்த இசைக்கு உரிமை தனியாக உண்டு. பொதுத் திரையிடல் என்றால் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிட வேண்டும்.

இந்தப் படத்தோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய உண்மைக் கதை ஒன்றும் இருக்கிறது. ஜாக்கி கூகன் சிறுவயதில் பல லட்சம் டாலர் சம்பாதித்தார்; வளர்ந்தபோது, தாயும் மாற்றாந்தந்தையும் அதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டிருந்தார்கள். 1938இல் வழக்குத் தொடுத்து அவர் மீட்டது ஏறத்தாழ 1,26,000 டாலர் மட்டுமே. அந்த வழக்கின் விளைவாக, குழந்தை நடிகர்களின் வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று 1939இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. இன்றும் அது கூகன் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அழுத குழந்தையின் உழைப்பு யாருடையது என்பதைப் பிள்ளைகள் தயங்காமல் விவாதிக்கிறார்கள்.

## ‘பிறந்து பார்த்தோம்’ படத்தின் மறைவான செலவுகள்

தமிழில் உரையாடல் எழுதும் ஒரு நாள் உழைப்பை மேலே சொல்லிவிட்டேன். இசையில்லாத பிரதி கையில் கிடைத்தால் தொண்ணூறு நிமிட அமைதியைப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். குரல் கொடுப்பவரோடு ஒரு புல்லாங்குழலோ ஆர்மோனியமோ வாசிக்கத் தெரிந்தவரைச் சேர்த்துக்கொள்ளலாம். சோகக் காட்சிக்குச் சோக இசை வாசிக்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஓசு அழவைக்க முயல்வதில்லை.

பெரிய செலவு வேறு. இந்தப் படம் பெற்றோரைக் காயப்படுத்தக்கூடும். ஒரு முறை திரையிடல் முடிந்ததும், வேறொருவருக்குக் கார் ஓட்டும் தந்தை ஒருவர் என்னிடம் வந்து, ‘இதைப் பிள்ளைக்குக் காட்டித்தான் ஆகணுமா சார்?’ என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவருடைய மகன் பத்தடி தள்ளிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். எனக்கு உடனே பதில் வரவில்லை. தினமும் ஒருவருக்குக் கதவைத் திறந்துவிட்டு நிற்பவருக்கு, அதே நிலையைத் தன் மகனோடு உட்கார்ந்து திரையில் பார்ப்பது எவ்வளவு கனமானது என்பதை நான் முன்னமே எண்ணியிருக்க வேண்டும். அன்றிலிருந்து, பெற்றோரை அழைக்கும்போதே படத்தின் பிற்பாதி எதைப் பற்றியது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அழைக்கிறேன்.

முடிவைப் பற்றியும் திரையிடுபவர் தெளிவாக இருக்க வேண்டும். பிள்ளைகள் வெல்வதில்லை. இரவில், தூங்கும் மகன்களைப் பார்த்தபடி, இவர்களும் நம்மைப் போலத்தான் வாழப்போகிறார்களா என்று பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள். மறுநாள் காலையில் சோற்று உருண்டைகளுக்கு முன்னால் உண்ணாவிரதம் கரைகிறது. அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். இரயில் கடவையில் மேலதிகாரியின் கார் நிற்கும்போது, தயங்கும் அப்பாவிடம், போய் வணக்கம் சொல்லுங்கள் என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். ‘ஏன் தோத்துட்டாங்க?’ என்று ஒரு சிறுமி என்னிடம் கோபத்தோடு கேட்டாள். அது சரியான கோபம். மன்னிப்புக்கும் பணிவுக்கும் இடையே உள்ள கோட்டை ஓசு அழிக்காமலும் அழுத்தாமலும் விட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அதைப் பதினொரு வயதுக்காரியிடம் விளக்கி அவளுடைய கோபத்தைத் தணிக்க எனக்கு மனம் வரவில்லை.

காலத்தையும் சற்றுச் சொல்ல வேண்டியிருக்கும். பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் இளையவன் படைத் தளபதிக்கு ஒரு படி கீழான பதவியைச் சொல்கிறான். தளபதி பதவி அண்ணனுக்காம். ஜப்பான் 1931இல் சீனாவின் மஞ்சூரியா மீது படையெடுத்திருந்தது. அந்த வயதுச் சிறுவர்கள் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எங்கே அனுப்பப்பட்டிருப்பார்கள் என்பது தெரிந்த பிறகு, அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

## எந்தச் சூழலுக்கு எது

முதல் முறையாக மௌனப் படம் பார்க்கும் கூட்டம், ஆறேழு வயதுப் பிள்ளைகள் கலந்த கூட்டம், வெவ்வேறு மொழி பேசும் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் கூட்டம், தயாரிப்புக்கு நேரமில்லாத ஆசிரியர் ஆகிய எல்லாவற்றுக்கும் ‘தி கிட்’தான் பொருத்தம். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. கறுப்பு வெள்ளைப் படம் என்றால் சலிப்பு என்ற முன்முடிவை முதல் கல்லிலேயே உடைத்துவிடுகிறது.

பிள்ளைகளுக்குப் பத்து வயது தாண்டியிருந்து, கூட்டம் சிறியதாக, பெற்றோரும் விரும்பி வந்திருந்தால் ‘பிறந்து பார்த்தோம்’ படத்தைத் தயங்காமல் போடலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், நண்பர்களின் வீட்டையும் காரையும் தன் வீட்டோடு ஒப்பிட்டு மனத்துக்குள் குமையத் தொடங்கியிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ‘தி கிட்’டை ஒத்தி வைத்துவிட்டு இதையே முதலில் பார்க்கலாம் என்றுகூடச் சொல்வேன். அந்தப் பிள்ளையின் மனத்துக்குள் ஓடும் கேள்வியை இவ்வளவு நேர்மையாகக் கேட்ட படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. பள்ளிப் பெருங்கூட்டத்துக்கு, முந்நூறு பிள்ளைகள் தரையில் உட்காரும் மண்டபத்துக்கு, இது வேண்டவே வேண்டாம்; அங்கே அப்பாவின் கோமாளித்தனம் வெறும் கோமாளித்தனமாகவே பார்க்கப்பட்டுவிடும்.

நூலக நண்பருக்கு என் பதில் ‘தி கிட்’. ஏழு வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்ற ஒன்றே அதை முடிவு செய்துவிடுகிறது. 1971 வடிவத்தை வாங்கி, பிரிவுக் காட்சிக்கு முன்பாகச் சிறியவர்களைப் பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத் தொடருங்கள். அந்தக் கூட்டத்திலிருந்து பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து அவர்களையும் பெற்றோரையும் ஓசுவின் படத்துக்கு அழையுங்கள். அதை மாலையில் வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பாட்டு நேரத்துக்கு முன்பு முடியும்படி வையுங்கள்; அப்பாவும் பிள்ளையும் நடந்தே வீடு திரும்பி, மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காரும் நேரம் அவர்களுக்குக் கிடைக்கும்.